டைமிங் பெல்ட் பல் தாண்டிய டீசல் வண்டி: மலையில் கண்டறிவதும் சரிசெய்வதும்

குன்னூர் ஏற்றத்திலோ கொடைக்கானல் பாதையின் பெருமாள்மலை வளைவிலோ "டக்" என்ற ஒரு சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டால், கை தானாகச் சாவிக்குப் போகும். போகவிடாதீர்கள். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பட்டைதான் டைமிங் பெல்ட். அது புல்லியில் பல் நழுவி இடம் மாறுவதைத்தான் பல் தாண்டுவது என்கிறோம். டைமிங் பெல்ட் பல் தாண்டிய டீசல் எஞ்சினில் முதல் அடி பெரும்பாலும் சில வால்வுகளோடு நின்றிருக்கும். அதற்குப் பிறகு திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிப்பது, இறக்கத்தில் உருட்டிக் கியர் போடுவது, புது பெல்ட்டை மட்டும் மாட்டி "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்பது ஆகியவைதான் வால்வோடு போக வேண்டியதை பிஸ்டன், கனெக்டிங் ராட், கேம் வரை இழுத்துவிடுகின்றன.

டீசலில் ஏன் இவ்வளவு கெடுபிடி? காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கித்தான் டீசல் பற்றுகிறது. அதனால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டரை மேலே மூடும், வால்வுகள் உள்ள பகுதி) நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம். வால்வோ திறக்கும்போது 8, 9 மி.மீ. கீழே இறங்குகிறது. இரண்டும் மோதாமல் நேரம் பிரித்துக் கொடுப்பது பெல்ட்டின் பற்கள் மட்டுமே. கிராங்க் புல்லியில் 20 பல் இருந்தால், ஒரு பல் தாண்டினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகும். ஒரு பல்லில் பல எஞ்சின்கள் புகை கக்கிக்கொண்டு எப்படியோ ஓடும். இரண்டில் ஆபத்து தொடங்குகிறது, மூன்றில் மோதாமல் தப்புவது அபூர்வம்.

மலையில் ஓடும் வண்டிகளில் பழைய இன்னோவா 2.5, குவாலிஸ், இண்டிகா, டஸ்டர், வெரிட்டோ டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். ஸ்விஃப்ட் 1.3 டீசலும் இன்னோவா கிரிஸ்டா 2.4-ம் செயின். செயினும் தாண்டும். ஆயில் அழுத்தம் குறைந்து டென்ஷனர் (இறுக்கத்தைக் காக்கும் உறுப்பு) தளர்ந்தால் அது நடக்கும். கீழே சொல்லும் ஹெட் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், பெல்ட் மாட்டும் பகுதி மட்டும் மாறும்.

நின்ற இடத்தில்

ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு நல்ல கல் வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். கியரில் விட்டால் வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் எஞ்சின் சுற்றும், வளைந்த வால்வு இன்னும் வளையும். ஏற்கெனவே ஒருமுறை செல்ஃப் அடித்துவிட்டீர்கள் என்றால் அந்தச் சத்தத்தை நினைவில் வையுங்கள், மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான். நல்ல எஞ்சின் ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும்போது திணறித் திணறி, ஒரு தாளத்தோடு சுற்றும். பெல்ட் அறுந்திருந்தால் தடையே இல்லாமல் "வ்வீங்" என்று வேகமாக ஒரே சீராகச் சுற்றும். தாளம் நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் விட்டுப்போனால் அந்தச் சிலிண்டரில் வால்வு மூடவில்லை.

நின்றே போகாமல், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, இழுவை இல்லாமல் வெள்ளைப் புகை விட்டால்? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பனிக்காலக் காலைகளில் எல்லா டீசலும் கொஞ்சம் வெள்ளைப் புகை விடும். அது சில நிமிடத்தில் அடங்கிவிடும். எஞ்சின் சூடான பின்பும் பச்சை டீசல் நாற்றத்தோடு புகை நிற்கவில்லை என்றால் டைமிங்கைச் சந்தேகியுங்கள். பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டியில் பம்ப் புல்லி மட்டும் ஒரு பல் தள்ளியிருக்கலாம், அப்படியானால் வால்வுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காமன் ரெயில் வண்டியில் (கணினி கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் புதிய வகை) ஸ்கேனர் மாட்டினால் பி0016 என்ற கோடு வரும். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வது ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். சென்சார் ஒயர் கெட்டிருந்தாலும் சில சமயம் இதே கோடு வருவதால், கவரைக் கழற்றிக் குறிகளைக் கண்ணால் பார்க்கும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வண்டியை இறக்க ரெக்கவரி வண்டிதான் சரி. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு வேக்குவம் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. சங்கிலி கட்டி மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்குவதற்குத் துணிச்சல் தேவையில்லை, மதியீனம் போதும்.

பட்டறையில் முதல் ஒரு மணி நேரம்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மேல் டைமிங் கவரை எடுத்து பெல்ட்டைப் பாருங்கள். அறுந்திருக்கிறதா, பல் உதிர்ந்திருக்கிறதா, பற்கள் நன்றாகவே இருந்தும் தளர்ந்து தாண்டியிருக்கிறதா? பல் உதிர்ந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில், கிராங்க் புல்லியைச் சுற்றிய பகுதியில்தான் வரிசையாக உதிர்ந்திருக்கும். அதனால் மேலே நன்றாகத் தெரியும் பெல்ட்டை நம்பாமல் கீழ்க் கவரையும் எடுங்கள். இந்த நிலையில் கிராங்க், கேம், பம்ப் மூன்றின் குறிகளும் எங்கெங்கே நிற்கின்றன என்று போட்டோ எடுத்து வையுங்கள். எத்தனை பல் தாண்டியது என்ற கணக்கு அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

அடுத்து ஹீட்டர் பிளக்குகளை (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கழற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினில் முரட்டுத்தனமாகத் திருகினால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறியும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து எடுங்கள். பிளக் ஓட்டை வழியே 5.5 மி.மீ. கேமரா போகும் எஞ்சின்களில் பிஸ்டன் தலையைப் பார்க்கலாம். பிறை வடிவத்தில் பளபளப்பான வெட்டு தெரிந்தால் வால்வு அடித்திருக்கிறது, ஹெட் இறங்க வேண்டியதுதான். பிறை தெரியவில்லை என்பதற்காக வால்வு தப்பியது என்று எண்ண வேண்டாம்.

முடிவு சொல்வது காற்றுச் சோதனைதான். பெல்ட் கழன்றிருக்கும்போது இதைச் செய்ய ஒரு வழி உண்டு. 4 சிலிண்டர் எஞ்சினில் கிராங்க்கை உச்சியிலிருந்து கால் சுற்று, அதாவது 90 டிகிரி, தள்ளி நிறுத்தினால் நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும். அப்போது கேமை எப்படித் திருப்பினாலும் வால்வு எதன்மீதும் மோதாது. கிராங்க்கை இந்த இடத்துக்குக் கொண்டுவரும்போது நீண்ட லீவரைப் பயன்படுத்தாமல் சாதாரண ராட்செட்டால் மெதுவாகச் சுற்றுங்கள். கெட்டியாக முட்டினால் அழுத்தாமல், கேமைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். வந்ததும் ஃப்ளைவீலைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் காற்று விட்டதும் பிஸ்டன் இறங்கி கிராங்க் சுற்றிவிடும்.

இனி ஒவ்வொரு சிலிண்டராக: அதன் கேம் முட்டுகள் எல்லாம் டாப்பெட்டை (கேம் அழுத்தி வால்வைத் திறக்கும் உறுப்பு) விட்டு விலகி நிற்கும்படி கேமைத் திருப்பி, ஹீட்டர் பிளக் ஓட்டையில் அடாப்டர் மாட்டி, 3 பார் காற்று விடுங்கள். சீறல் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். ஏர் ஃபில்டர் குழாயில் கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியில் மெல்லிய சீறல் எல்லா எஞ்சினிலும் இருக்கும், அது பலமாக இருந்தால் பிஸ்டன் அல்லது ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். லீக் டவுன் கேஜ் (எத்தனை சதவீதம் காற்று கசிகிறது என்று காட்டும் மானி) இருந்தால் 10 முதல் 15 சதவீதம் வரை கசிவு இயல்பு. வளைந்த வால்வில் ஊசி பாதிக்கு மேல் சாய்ந்துவிடும், சந்தேகத்துக்கே இடமிருக்காது.

ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) வைத்த டாப்பெட் எஞ்சினில், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் பேசும். வளைந்த வால்வு முழுதாக மேலே ஏறி உட்காராது, எனவே கேமுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடும். மேனுவலில் 0.2 மி.மீ. என்றிருக்கும் இடத்தில் அரை மி.மீ. தகடு சுலபமாக நுழைந்தால் அந்த வால்வைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் டாப்பெட் இந்த இடைவெளியை மறைத்துவிடும். அங்கே முறிந்த ராக்கர் (கேமின் அழுத்தத்தை வால்வுக்குக் கடத்தும் கை), கழன்று கிடக்கும் ராக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் மானி) வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. புது பெல்ட் மாட்டிச் செல்ஃப் அடித்தால்தான் அந்தக் கேஜ் பேசும் என்பதால், காற்றுச் சோதனையில் நான்கு சிலிண்டரும் தேறிய பிறகு மட்டும் அதை எடுங்கள். எடுத்தால் உயரத்தைக் கணக்கில் சேருங்கள். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவு. உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் கீழே 28 பார் காட்டும் நல்ல எஞ்சின் ஊட்டியில் 21, 22 பார்தான் காட்டும். கொடைக்கானலிலும் ஏறத்தாழ இதே கதை, குன்னூரில் 20 சதவீதம் கழியும். சமவெளிக் கணக்கை வைத்துப் பார்த்தால் நல்ல எஞ்சினுக்கும் ரிங் வேலை எழுதிவிடுவீர்கள். மலையில் மொத்த எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 3 பாருக்குள் இருந்தால் கவலையில்லை.

ஏன் தாண்டியது

இதைக் கண்டுபிடிக்காமல் ஹெட் வேலையைத் தொடங்குவது வீண். பெல்ட் தானாகத் தாண்டுவது குறைவு, தாண்டவைக்க ஏதோ ஒன்று இருந்திருக்கும். பெல்ட் கறுத்து மினுமினுத்து ஊறியிருந்தால் கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிகிறது. வெள்ளை அல்லது பச்சைக் கறை படிந்திருந்தால் வாட்டர் பம்ப். டென்ஷனரையும் ஐட்லரையும் (பெல்ட்டைத் தாங்கும் உருளை) கையால் சுற்றிப் பாருங்கள், நறநறவென்றாலோ தடையே இல்லாமல் நெடுநேரம் சுற்றினாலோ உள்ளே கிரீஸ் போய்விட்டது. ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் நார் பிரிந்து, கிராங்க் புல்லியின் பின்னால் நுழைந்து, டைமிங் பெல்ட்டுக்கு அடியில் சிக்குவதும் உண்டு. வெளிப் பெல்ட்டைப் பணம் மிச்சம் என்று விட்டுவைத்ததற்கு ஹெட் விலை கொடுக்க நேரும். எல்லாம் சரியாக இருந்தால் கிராங்க் புல்லியின் சாவிக்கட்டையை (புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு கட்டை) பாருங்கள். போல்ட் தளர்ந்து கட்டை தேய்ந்திருந்தால் பெல்ட் தாண்டவே இல்லை, புல்லிதான் நழுவியிருக்கிறது.

ஹெட் இறக்கிய பின்

எஞ்சின் முழுதும் குளிர்ந்த பிறகு, ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இறக்கிய ஹெட்டை முகம் கீழே படும்படி தரையில் வைக்காதீர்கள். வெளியே நீட்டி நிற்கும் வால்வு அங்கேயே இன்னொரு முறை வளையும். இரண்டு மரக்கட்டைமேல் வைக்க வேண்டும். கோவைக்கோ திண்டுக்கல்லுக்கோ லேத் பட்டறைக்கு அனுப்பும்போது பழைய போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் வையுங்கள், டிக்கியில் ஸ்டெப்னியோடு உருள விடாதீர்கள்.

பிளாக்கில் பிஸ்டன் தலைகளைத் துடைத்துப் பாருங்கள். நகத்தில் லேசாக உணரும் அளவு பிறைத் தடம் மட்டும் என்றால் விளிம்பை மெல்லிய எமரித் தாளால் தடவி விடலாம். பள்ளமாகக் குழிந்திருந்தாலோ, ரிங் பக்கம் நோக்கி விரிசல் ஓடினாலோ, அந்தப் பிஸ்டன் மாற வேண்டும். பலர் தவறவிடுவது அடுத்த அளவைத்தான். டயல் கேஜை பிளாக் முகத்தில் வைத்து, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று எழுதுங்கள். மூன்று பிஸ்டன் 0.70 மி.மீ. நீட்டி ஒன்று மட்டும் 0.50 என்றால் அதன் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. 0.1 மி.மீ. வித்தியாசமே சந்தேகத்துக்குரியது. வளைந்த ராடோடு மூடினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடவும் செய்யும், பிறகு ஏற்றத்தில் முழு லோடில் பேரிங்கைத் தின்னும். இதே நீட்டல் அளவுதான் புது ஹெட் கேஸ்கெட்டின் தடிமனையும் தீர்மானிக்கிறது. பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள வெட்டுக்குறிகளை எண்ணிவிட்டு அதையே வாங்குவது, பிஸ்டனோ ராடோ மாறாதபோது மட்டும் சரி.

வால்வுகளைக் கழற்றி, அது அது எந்த இடத்தது என்று அட்டையில் ஓட்டை போட்டுச் சொருகி வையுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் தண்டை உருட்டினால் வளைவு தெரியும். தண்டு சுலபமாகக் கீழே வரவில்லை என்றால் சுத்தியால் தட்டாதீர்கள், கைடு (தண்டு ஓடும் குழல்) கிழிந்துவிடும். முனையில் பிசிறு இருந்தால் அதை அரத்தால் எடுத்த பிறகு தள்ளுங்கள். 8 வால்வு ஹெட்டில் இரண்டு வளைந்திருந்தாலும் எட்டையும் மாற்றுவதுதான் சரியான கணக்கு. அடி வாங்கி நிமிர்ந்து நிற்கும் வால்வில் தலையும் தண்டும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும், அது பிறகு தலை கழன்று சிலிண்டருக்குள் விழும். 16 வால்வு ஹெட்டில் செலவு கடிக்கும். அடிபட்ட வரிசையையாவது முழுதாக மாற்றுங்கள். வால்வு வளைந்த இடத்துக் கைடுகளில் புது வால்வைச் சொருகி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கைடும் மாறும். தண்டு சீல்கள் எப்படியும் புதுசு.

ஹெட் முகத்தில் நேர்கோல் வைத்து ஃபீலர் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தாண்டினால் மேனுவலைத் திறக்க வேண்டும். சில டீசல் ஹெட்டுகளில் முகம் சீவவே அனுமதி இல்லை, டஸ்டரின் 1.5 எஞ்சின் அந்த வகை. லேத்தில் "லேசா ஒரு கட்டிங் போட்டுடறேன்" என்பார்கள். சீவினால் வால்வும் பிஸ்டனும் இன்னும் நெருங்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீட் கட்டிங், பேஸ்ட் வைத்துத் தேய்த்தல் முடிந்ததும் ஹெட் திரும்பி வரும்போது போர்ட்டுகளில் டீசலை ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வால்வு ஓரத்தில் ஈரம் கசிந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கேமையும் விட்டுவிடாதீர்கள். தாங்கி மூடிகளில் விரிசல், புல்லி பின் நசுங்கல், கேம் கையால் சுற்றும்போது ஓர் இடத்தில் இறுக்கம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் கேம் அடி வாங்கியிருக்கிறது.

மூடுவது

ஹெட் போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றுங்கள். திரவத்தின்மேல் போல்ட்டை இறக்கினால் அது ஒதுங்க இடமின்றிப் பிளாக்கைப் பிளக்கும். டிகிரிக் கணக்கில் இறுக்கும் போல்ட் பெரும்பாலும் ஒருமுறைதான், புதுசு வாங்குங்கள். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே.

பெல்ட் மட்டும் வாங்காமல் கிட்டாக வாங்குங்கள்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பெல்ட்டில் ஓடும் வகையென்றால் வாட்டர் பம்ப், கேம் மற்றும் கிராங்க் சீல், வெளிப் பெல்ட், கிராங்க் புல்லி போல்ட். கிராங்க்கையும் கேமையும் அவற்றின் பூட்டுப் பின்னால் நிறுத்தி, பம்புக்குக் குறி இருந்தால் அதையும் சேர்த்து வைத்து, கிராங்க் புல்லியிலிருந்து இழுக்கும் பக்கத்தைத் தளர்வே இல்லாமல் மாட்டிக்கொண்டு போங்கள். மிச்சத் தளர்வு முழுதும் டென்ஷனர் பக்கம் வரவேண்டும். கிராங்க் போல்ட்டை இறுக்கப் பூட்டுப் பின்னை நம்பாதீர்கள், அது முறியும். ஃப்ளைவீல் பூட்டுதான் அதற்கு.

டென்ஷனர் முள்ளைக் குறிக்கு நேராக வைத்ததும் பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால், ஓடும் திசையிலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தாமாக நுழைகின்றனவா என்று பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் திரும்ப வைக்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள். பழைய ரோட்டரி பம்ப் வண்டியில் இதற்குப் பிறகு பம்ப் டைமிங்கை டயல் கேஜால் வைப்பது தனி வேலை. குறி சேர்ந்தால் போதும் என்று விட்டால் தட்டல் சத்தமோ வெள்ளைப் புகையோ அடுத்த வாரம் உங்களைத் தேடி வரும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை வரவிடாமல் நிறுத்தி, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். கூலண்ட் நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், அப்போது காற்றுக்குமிழி சுலபமாக வெளியேறும். மலையில் சமதரையைத் தேடுவதைவிட இது சுலபமும்கூட. ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விசிறி ஓடும்வரை விட்டு, கசிவும் சத்தமும் பாருங்கள். சோதனை ஓட்டம் முதலில் மேட்டில். இறக்கத்தில் எஞ்சின் பிரேக் பிடிக்கும் சுமையை ஓரிரு ஏற்றத்துக்குப் பிறகு கொடுக்கலாம்.

மறுபடி தாண்டாமல் இருக்க

மலை வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகம், 2,000 ஆர்.பி.எம். என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் 1,500 சுற்று. மலைச்சாலையில் இரண்டாம் கியரில் 25 கி.மீ. வேகம், 2,500 ஆர்.பி.எம். என்றால் அதே கிலோமீட்டருக்கு 6,000 சுற்று. பெல்ட்டுக்குத் தெரிவது சுற்று மட்டும்தான். மேனுவல் ஒரு லட்சம் என்றால், வத்தலக்குண்டு–கொடைக்கானல் தினமும் ஏறி இறங்கும் டாக்ஸிக்கு 60,000-த்தில் அல்லது 4 ஆண்டில் மாற்றுவது எங்கள் கணக்கு, எது முதலில் வருகிறதோ அது.

பேட்டரி படுத்த குளிர்காலக் காலையில் இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விடுங்கள். கிளட்சை விட்டதும் நின்ற எஞ்சின் ஒரே வெட்டில் சுற்றத் தொடங்கும், ஆயில் கெட்டியாக இருக்கும் நேரத்தில் அந்த வெட்டு முழுதும் பெல்ட் பல்லில் இறங்கும். ஜம்பர் கேபிள் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளலாம். பார்க்கிங்கிலும் ஒரு சங்கதி உண்டு. மேட்டைப் பார்த்து முதல் கியரிலும் பள்ளத்தைப் பார்த்து ரிவர்ஸிலும் நிறுத்துவதுதான் வழக்கம். இரண்டிலுமே வண்டி நழுவினால் எஞ்சின் பின்திசையில் சுற்றும், அப்போது தளர்வு டென்ஷனர் இல்லாத பக்கம் போய்ப் பழைய பெல்ட் பல் தாண்டும். கியர் கூடுதல் காப்பாக இருக்கட்டும், வண்டியின் எடையை ஹேண்ட்பிரேக்கும் கல்லும் தாங்கட்டும். வண்டியைக் கல்லில் சாய்த்து நிறுத்திய பிறகு கியர் போடுங்கள்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டைமிங் கவரிலேயே எழுதி ஒட்டுங்கள். இன்னோவாவில் டி-பெல்ட் விளக்கை ரீசெட் செய்ய வேண்டும், ஆனால் அந்த விளக்கும் கிலோமீட்டரை மட்டும்தான் எண்ணுகிறது.